மீட்ட பிறகு யார் துணை?

கேரள எல்லையில் ஆள்கடத்தல்காரர்களிடமிருந்து ஒரு பெண்ணோ ஒரு தொழிலாளியோ மீட்கப்பட்டால் அன்று மாலையே செய்தி வந்துவிடுகிறது. அதிகாரிகளுக்குப் பாராட்டு கிடைக்கிறது. அதன் பிறகு பல ஆண்டுகள் இழுக்கும் வழக்கில், மீட்கப்பட்டவருக்கென்று ஒரு வக்கீல் இருக்கிறாரா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மீட்கப்படுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் நிறைய இருப்பதால், தமிழ்நாடும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

2025 ஆகஸ்டில் பாலக்காடு மாவட்டம் முதலமடையில், பழங்குடித் தொழிலாளி ஒருவரைப் பண்ணை விடுதி ஒன்றின் அறைக்குள் நாள்கணக்கில் பூட்டி வைத்திருந்ததாகச் செய்தி வந்தது. போலீஸும் அதிகாரிகளும் போய் மீட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் ஊர் அது. மாந்தோப்புகளுக்குப் பேர் போன இடம். அங்கே ஒரு மனிதரைப் பூட்டி வைக்கலாம், கேட்க ஆள் வராது என்ற துணிச்சல் எங்கிருந்து வருகிறது? பூட்டப்படுகிறவருக்குச் சட்டம் தெரியாது, தெரிந்தாலும் அவருக்காகப் பேச வக்கீல் கிடையாது என்ற நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது.

சட்டம் அப்படி அவரைக் கைவிடவில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் வந்தது. அதன் 12-ஆம் பிரிவு, யாருக்கெல்லாம் இலவச வக்கீல் தர வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களும், கட்டாயப்படுத்திச் சும்மா வேலை வாங்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இதே உரிமை உண்டு. வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம் அரசைச் சேர்ந்தது.

உரிமை இருக்கிறது. அது உரியவர் கையில் போய்ச் சேருவதற்குள் வழக்கு பாதி கெட்டுவிடுகிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

சூரியநெல்லியின் 18 ஆண்டுகள்

இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சூரியநெல்லி. தேயிலைத் தோட்டங்களும் தமிழ்க் குடும்பங்களும் நிறைந்த மலையூர். அந்த ஊரைச் சேர்ந்த 16 வயதுப் பள்ளி மாணவி ஒருவர், 1996 ஜனவரி 16 அன்று, பழக்கமான ஒரு பஸ் ஊழியரின் பேச்சை நம்பிப் புறப்பட்டார். அடுத்த 40 நாள்கள் அவரைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். குமுளி, கம்பம், தேனி, பாலக்காடு என்று அந்தப் பாதையில் வரும் பெயர்களெல்லாம் நமக்குத் தெரிந்தவை. நாம் பஸ் மாறும் ஊர்கள். பிப்ரவரி 26 அன்று, உடல் சீரழிந்த நிலையில் அவரை விட்டுவிட்டார்கள்.

முதன்மைக் குற்றவாளி தர்மராஜன் ஒரு வழக்கறிஞர். சட்டம் படித்த ஒருவரே அந்தப் பெண்ணை விற்றார்.

பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால்தான் அதன் பாரம் புரியும். 2000 செப்டம்பரில் கோட்டயம் சிறப்பு நீதிமன்றம் 35 பேருக்குத் தண்டனை கொடுத்தது. தனியாக விசாரிக்கப்பட்ட தர்மராஜனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2005 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த 35 பேரையும் விடுதலை செய்தது; தர்மராஜனின் ஆயுள் தண்டனையையும் ஐந்து ஆண்டாகக் குறைத்தது. தப்பிக்க வாய்ப்பு இருந்தும் அவர் ஏன் தப்பவில்லை என்ற கேள்வியே அந்தத் தீர்ப்பில் ஓங்கி நின்றது. அன்றைய சட்டத்தில் சம்மத வயது 16. அந்த வயதைத் தாண்டிய சில மாதங்கள் அவருக்கு எதிரான ஆயுதமாகிவிட்டன.

உச்ச நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீடு ஏழு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கிய பிறகுதான், சூரியநெல்லி வழக்கும் கிடக்கிறதே என்று பலருக்கும் நினைவு வந்தது. 2013 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, ஆறு மாதத்தில் மறுபடி விசாரித்து முடிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. ஜாமீனில் போய்த் தலைமறைவாக இருந்த தர்மராஜன் அடுத்த மாதம் கர்நாடகத்தில் பிடிபட்டார். 2014 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் 24 பேரைக் குற்றவாளிகள் என்றது. தர்மராஜனின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

ஆக, 18 ஆண்டுகள். பள்ளிச் சிறுமியாக இருந்தவர் முப்பதுகளின் நடுவில் இருந்தபோது நீதி வந்தது. இடைப்பட்ட காலத்தில், அவர் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் எழுந்த பணக் கையாடல் புகாரில் 2012-இல் அவரையே கைது செய்தார்கள். பணியிடை நீக்கம் செய்து, பிறகு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் பின்வாங்கவில்லை. பெண்கள் அமைப்புகளும் சில வழக்கறிஞர்களும் அவர் பக்கம் நின்றார்கள். அந்தத் துணை இல்லாமல் போயிருந்தால், 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு எல்லாம் முடிந்திருக்கும்.

எல்லோருக்கும் அப்படிப்பட்ட துணை அமைவதில்லை. விசாரணைக் கூண்டில் நிற்கும் ஒரு பெண்ணை, குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவரின் வக்கீலும் தனித்தனியாகக் குறுக்கு விசாரணை செய்யலாம். 35 பேர் என்றால் எத்தனை நாள் அந்தக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அரசு வழக்கறிஞர் இருக்கிறாரே என்பார்கள். அவர் அரசின் வழக்கை நடத்துகிறவர். சாட்சிக்கு வழிச்செலவு வந்ததா, வீட்டுக்கு யாராவது மிரட்ட வந்தார்களா, இழப்பீட்டு மனு போட்டாயிற்றா என்றெல்லாம் பார்ப்பது அவருடைய பொறுப்பில் வராது. அவருக்கு அதற்கு நேரமும் இருக்காது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது

1996-இல் இல்லாத பாதுகாப்புகள் இன்று சட்டத்தில் இருக்கின்றன. 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவை மாற்றி எழுதினார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவாக இருக்கிறது. மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக அழைத்துப் போனால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. குழந்தை என்றால் குறைந்தது பத்து ஆண்டு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. சூரியநெல்லிப் பெண்ணை ஒன்பது ஆண்டுகள் வதைத்த கேள்வியை அது ஒரே வரியில் மூடிவிட்டது.

இன்னொன்றும் முக்கியம். லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், புலனாய்வு தொடங்கி மேல்முறையீடு வரை எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்றது. ஜாமீன் மனு வந்தால் அவர் தரப்பும் பேசலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தனக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் இதையெல்லாம் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இரண்டு மாவட்டம், பல வாசல்கள்

பாலக்காட்டுக்கு வாளையாறு, வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாக வழிகள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கேரளத்துக்குள் போகும் நீண்ட தூர ரயில்கள் பலவும் பாலக்காடு சந்திப்பைத் தொட்டுத்தான் போகின்றன. இடுக்கிக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, உடுமலையிலிருந்து போனால் சின்னாறு.

விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் ஜீப்புகள் வரிசை கட்டும். தூக்குவாளியில் சோறும் தோளில் பழைய சட்டையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். ஏலத்தோட்டத்தில் பகலெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புவார்கள். இவர்கள் தங்கள் உழைப்பைத் தாங்களே விற்கும் சுதந்திரத் தொழிலாளிகள். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களை எல்லாம் கடத்தப்பட்டவர்கள் என்று பேசுவது அவர்களை அவமதிப்பது. அவர்களுடைய பிழைப்பில் மண் போடுவதும்கூட.

அதே மலைப்பாதையில்தான், முன்பணம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே தங்கிவிடும் குடும்பங்களும் போகின்றன. இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் என்று தூர மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். முன்பணம் வாங்கினால் மட்டும் ஒருவர் கொத்தடிமை ஆகிவிடுவதில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் முதலாளியிடமோ ஏஜென்டிடமோ இருக்கும். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் கடனை அடைத்துவிட்டுப் போ என்பார்கள். அங்கேதான் கோடு தாண்டப்படுகிறது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரிடம் வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

இப்படி மாட்டிக்கொண்டவர் வக்கீலைத் தேடிப் போவது எப்படி? இடுக்கியின் மாவட்ட நீதிமன்றம் தொடுபுழாவை ஒட்டிய முட்டத்தில் இருக்கிறது. மறையூரில் இருப்பவர் மூணாறு வரவே 40 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து தொடுபுழாவுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. மாவட்டத்தில் ரயில் கிடையாது. போய் வர ஒரு நாள் கூலி போகும். தாலுகா அளவில் சட்டப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. அவை இருப்பது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

ஒரு பெண்ணோடு கூடவே போவோம்

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த 17 வயதுப் பெண் ஒருவர், வீட்டு வேலை வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பிப் போய், பாலக்காட்டில் ஒரு லாட்ஜில் மீட்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் காவல் நிலையம். அவர் தமிழில் சொல்கிறார். எழுதுகிறவர் மலையாளத்தில் எழுதுகிறார். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பயத்திலும் அசதியிலும் இருக்கும் பெண், எந்தத் தேதி, எந்த லாட்ஜ், யார் கையில் பணம் வாங்கியது என்பதையெல்லாம் முன்பின்னாகச் சொல்லியிருப்பார். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நிதானமாகச் சொல்லும்போது வேறு விவரங்கள் வரும். இரண்டு ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் இந்த வித்தியாசங்கள் ஒவ்வொன்றும் முரண்பாடு என்று எடுத்து வைக்கப்படும். முதல் வாக்குமூலம் எழுதும்போது தமிழ் தெரிந்த ஒரு வக்கீலோ சட்டத் தன்னார்வலரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதில் பாதி வராது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. கேட்டு வாங்கித் தர ஆளில்லாததால் வாங்காமலே போய்விடுகிறார்.

அடுத்து குழந்தைகள் நலக் குழு, அதன் பிறகு காப்பகம். பாக்சோ சட்டம் சேர்ந்தால் துணையாள் ஒருவரை நியமிக்க 2020-ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. காப்பகத்தில் எத்தனை நாள், அம்மாவோடு எப்போது பேசலாம், வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் சொல்ல யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை. பதினெட்டு வயது தாண்டிய பெண்களையும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக மாதக்கணக்கில் காப்பகத்தில் வைப்பது நாடெங்கும் நடக்கிறது. மீட்பு என்ற பெயரில் இன்னொரு அடைப்பு. அதை எதிர்த்து மனுப் போட வக்கீல்தான் வேண்டும்.

சில வாரம் கழித்து அவரைத் தேனிக்கு அனுப்புகிறார்கள். உண்மையான சிக்கல் தொடங்குவது இங்கேதான். வழக்கு பாலக்காட்டில், பெண் தேனியில். பாலக்காட்டு வக்கீல் ஒருவரை நியமித்திருந்தாலும் அவருக்கு இவருடைய புது போன் நம்பர் தெரியாது. தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இப்படி ஒரு பெண் திரும்பி வந்திருப்பதே தெரியாது. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டம். அந்தத் தகவல் வருவதற்கு முன்னால் எதிர்த்தரப்பின் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார். "ஊரு பேரெல்லாம் கெட்டுப்போகும், பேசாம சமாதானமாப் போயிடுங்க" என்பார். கையில் கொஞ்சம் பணமும் வைப்பார். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடு என்றால் அம்மா என்ன செய்வார்?

இரண்டு, மூன்று ஆண்டு கழித்து சம்மன் வரும்போது அந்தப் பெண் பிறழ்சாட்சி ஆகிறார். சாட்சியே மாறிவிட்டார் என்று வழக்கு முடிகிறது. அவர் மாறவில்லை. அவரைத் தனியாக விட்டவர்கள் நாம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னது 2018 டிசம்பரில். அதில் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்பதை எந்த லயத்தில், எந்தக் காலனியில் சொல்லியிருக்கிறோம்?

இழப்பீட்டுக் கதையும் இதேதான். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் இழப்பீடு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்தில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவசரத்துக்கு இடைக்கால நிவாரணமும் தரலாம். மருத்துவமனையில் முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதுதான் துயரம்.

ஒரு தாளின் மதிப்பு

கொத்தடிமையாக இருந்து மீண்டவருக்குக் கோட்டாட்சியரோ ஆட்சியரோ தரும் விடுவிப்புச் சான்றிதழ் ஒரே ஒரு தாள்தான். அந்தத் தாள் இருந்தால், அவர் பேரில் எழுதி வைத்திருந்த கடன் செல்லாது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்கலாம். பிறகு ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடிய நேர்வுகளில் 3 லட்சம் ரூபாய்.

தாள் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. வேலையை விட்டு ஓடிப்போன கடன்காரர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

சான்றிதழைத் தராமல், கூலித் தகராறு என்று எழுதி, பாக்கியை வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவது அதிகாரிகளுக்கு எளிது. வழக்கில்லை, தலைவலியில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையிலேயே வைத்திருக்கிறது. அதை அந்த அறையில் எடுத்துச் சொல்லும் ஒரு வக்கீல் இருந்தால், பஸ் ஏறுகிறவர் கையில் அந்தத் தாளும் இருக்கும். பெரிய தொகை பெரும்பாலும் விசாரணை முடிவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதால், ஊர் திரும்பியவருக்காக மலைக்கு இந்தப்பக்கமிருந்து கோப்பைத் துரத்தவும் ஆள் வேண்டும்.

பாலக்காடு ரயில் நிலையமும் வாளையாறும்

2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில், ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கத்திலிருந்து அநாதை இல்லங்களுக்கு அழைத்து வரப்பட்ட 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ரயில்வே போலீஸ் நிறுத்தியது. ஆள்கடத்தல் வழக்குப் பதிவானது, நாடே பேசியது. 2021-இல் சிபிஐ, இது ஆள்கடத்தல் அல்ல என்று சொல்லி வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்தது. எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முதல் நாளே அந்தக் குழந்தைகளுக்காக மட்டும் பேசும் வக்கீல்கள், அவர்கள் மொழி தெரிந்தவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டிருந்தால், கடத்தல் என்றால் அதுவும் படிக்க வந்தது என்றால் அதுவும் ஏழு ஆண்டு காத்திருக்காமல் தெரிந்திருக்கும்.

வாளையாறில் 2017-இல் இறந்துபோன இரண்டு சிறுமிகளின் வழக்கு ஆள்கடத்தல் வழக்கல்ல. ஆனாலும் அது இந்த எல்லைக்கு ஒரு பாடம். 2019-இல் பாலக்காடு சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம், புலனாய்வும் அரசுத் தரப்பும் நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகச் சாடி, அந்த விடுதலையை ரத்து செய்தது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரே குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக ஆஜரானவர் என்ற விவரம் வெளியாகி, அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டி வந்தது. குழந்தைக்குப் பொறுப்பானவர் யாருடைய வக்கீல் என்பதைக்கூட முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை.

இனி செய்ய வேண்டியது

முதலில் வேண்டியது முழுநேர வக்கீல்கள். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-இல் ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தது. வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மாவட்டந்தோறும் சம்பளம் பெறும் முழுநேர வக்கீல்கள் கொண்ட அலுவலகம். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும், அது நியாயம். அதே ஏற்பாடு பாதிக்கப்பட்டவருக்கு ஏன் இல்லை? அவருக்குக் கிடைப்பது, வழக்குக்கு இவ்வளவு என்று சொற்பக் கட்டணம் வாங்கும் பேனல் வக்கீல்தான். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் ஆள்கடத்தல், கொத்தடிமை வழக்குகளுக்கென்றே தமிழும் மலையாளமும் தெரிந்த இரண்டு, மூன்று முழுநேர வக்கீல்களை நியமித்துச் சோதித்துப் பார்க்கலாம். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் இரண்டு மொழியும் தெரிந்த வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை.

அதோடு சேர்ந்தே வர வேண்டியது எல்லை தாண்டிய ஒப்படைப்பு. பாலக்காட்டுக்குக் கோவையும் நீலகிரியும், இடுக்கிக்குத் தேனியும் திருப்பூரும் பக்கத்து மாவட்டங்கள். ஒருவரை ஊருக்கு அனுப்பும் அன்றே அவருடைய கோப்பு பக்கத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வக்கீலின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். இரண்டு மாநில ஆணைக்குழுக்களும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு எழுதினால் போதும். ஆள்கடத்தலுக்கென்று தனி மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. அது மறுபடி வரட்டும் என்று இந்த வேலையை ஒத்திப்போடத் தேவையில்லை.

மீட்கப்பட்டவரின் முதல் வாக்குமூலத்துக்கு முன்பே போலீஸ் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று இரண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் சுற்றறிக்கை அனுப்பலாம். தமிழ் பேசுகிறவரின் வாக்குமூலம் தமிழிலேயே பதிவாக வேண்டும். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தந்திருக்கிறது. மனுவுக்கு உள்ள மரியாதை வாக்குமூலத்துக்கும் வேண்டும்.

கடத்தப்பட்ட குழந்தைகள் வழக்கு நடக்கும் ஊருக்கு அலையாமல், சொந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள நீதிமன்ற வளாகத்திலிருந்தே காணொலியில் சாட்சி சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. தேனி, உத்தமபாளையம், பொள்ளாச்சி, உடுமலை நீதிமன்றங்களில் அதற்கென்று ஓர் அறையும் பொறுப்பாளரும் வேண்டும். பெரியவர்களுக்கும் அதைத் திறந்துவிடலாம். குழந்தைக் கடத்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு, சாட்சிகள் வந்துபோக முடிந்தால்தானே பொருள் இருக்கும்?

பெரிதாகப் பேசப்படாத ஓர் ஆலோசனையும் உண்டு. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சட்டத் தன்னார்வலர்களை லயங்களிலிருந்தும் பழங்குடி ஊர்களிலிருந்தும் எடுக்க வேண்டும். 2015-இல் மூணாறில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டுப் போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்த தமிழ்ப் பெண்களை நாடு பார்த்தது. எந்த லயத்தில் யார் புதிதாக வந்திருக்கிறார், எந்த வீட்டுப் பெண் திடீரென்று காணாமல் போனார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் படிப்பணமும் கொடுத்தால், காவல் நிலையத்தின் கதவைத் தட்ட அவர்கள் தயங்கமாட்டார்கள்.

எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வக்கீல், எத்தனை பேருக்கு இழப்பீடு, எத்தனை பேருக்கு விடுவிப்புச் சான்றிதழ் என்பதை இரண்டு மாவட்டமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெயர்களை மறைத்து, வெளியிட வேண்டும். குழந்தைகள் நலக் குழுவில் உட்காருகிறவர்கள் எந்தெந்த வழக்கில் யாருக்காக ஆஜராகிறார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தேனியிலும் கோவையிலும் பாலக்காட்டிலும் தொடுபுழாவிலும் தொழில் செய்யும் இளம் வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெயர் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு ஆள்கடத்தல் வழக்கையாவது, பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று, முதல் வாக்குமூலத்திலிருந்து கடைசி மேல்முறையீடு வரை நடத்துங்கள்.

தோட்ட நிர்வாகங்கள், ஜீப் ஓட்டுநர்கள், லாட்ஜ் நடத்துகிறவர்கள், பள்ளி விடுதிப் பொறுப்பாளர்கள், கோயில், சர்ச், பள்ளிவாசல் கமிட்டிகள் எல்லோரும் தங்கள் சுவரில் மூன்று எண்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. இலவச வக்கீலுக்கு 15100. வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.